ஆபரேஷன் வெற்றி, துரை நலம்

பல் பிடுங்கப் போன இடத்தில் உயிரை விட்டவன் எங்கள் துரை. இப்படி நான் சொல்வது அந்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் பிடிக்காது. பல் சிகிச்சை வெற்றிகரமாக முடிந்தது, அதன்பிறகு, அதற்குச் சம்பந்தமே இல்லாமல், துரை ஓய்வெடுத்துக்கொண்டார் என்பது அவர்கள் கட்சி. நான் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள். வண்டி எப்போது வரும் என்று கேட்பவரிடம் வந்துகொண்டே இருக்கிறது என்று சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பேசிக்கொண்டே இருக்கும் வித்தையை எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அப்பேர்ப்பட்ட என்னையே வாயடைத்துப் போக வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

துரையும் மிளகும் ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தங்கை. இரண்டும் சப்பை மூக்கு நாய்கள். துரை குறட்டை விட்டால் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து என் வீட்டுக்காரரின் உடம்பைப் பற்றி அக்கறையாக விசாரிப்பார். என் வீட்டுக்காரர் பேக்கரியில் மாவு பிசைகிறவர், வாயில்லாப் பூச்சி. குறட்டை தன்னுடையது இல்லை என்றுகூடச் சொல்ல மாட்டார், மருந்து சாப்பிடுகிறேன் என்பார்.

ஒரு நாள் துரை சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு, தாடையைச் சுவரில் தேய்த்துக்கொண்டு நின்றான். கடைவாய்ப் பல் சொத்தை. என் நாத்தனார்தான் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியைச் சொன்னாள். அவள் வீட்டில் நாயும் கிடையாது, பூனையும் கிடையாது. எதிர்க்கடைக்குத் துணி எடுக்கப் போனவள் வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே போயிருக்கிறாள். ஏசி பிரமாதமாக இருந்ததாம். அந்த ஒரு காரணத்துக்காக நாங்களும் போனோம். வைத்தியரைத் தேர்ந்தெடுப்பதில் நாங்கள் காட்டிய சாமர்த்தியம் அவ்வளவுதான்.

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. சீருடை போட்ட ஒரு பெண் ஓடி வந்து, "வாங்க துரை அம்மா, வாங்க துரை அப்பா" என்றாள். எனக்குக் கல்யாணமான ஒரு மகள் இருக்கிறாள். நான் அவளுடைய அம்மா என்பது அவளுக்கே ஏதாவது காரியம் ஆக வேண்டியிருந்தால்தான் ஞாபகம் வரும். இந்தப் பெண்ணோ வாய்க்கு வாய் அம்மா போட்டாள். என் வீட்டுக்காரர் பேக்கரியில் யாரும் மரியாதையாகக் கூப்பிட்டு அறியாதவர். துரை அப்பா என்றதும் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

அந்தப் பெண் எங்களுக்கு முறைகளை விளக்கினாள். ஆபரேஷனுக்கு முன்னால் துரை கழுத்தில் வீரன் என்று எழுதிய ரிப்பன் கட்டுவார்கள். மணி அடிக்கும். அங்கே வேலை செய்கிற எல்லோரும் வரிசையாக நின்று கை தட்டுவார்கள், துரை நடுவில் நடந்து உள்ளே போவான். முடிந்து கண் விழித்ததும் தலையில் குல்லா வைத்துப் போட்டோ எடுத்து, 'நான் நலம்' என்று எழுதி எங்கள் போனுக்கு அனுப்புவார்கள். இந்த ஊரில் வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் இந்த வசதி கிடையாதாம்.

மூச்சு விடவே கஷ்டப்படுகிறவனாயிற்றே, மயக்க மருந்து இவனுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் டாக்டர் பாத்துக்குவார் துரை அம்மா. நீங்க குல்லா என்ன கலர்னு மட்டும் சொல்லுங்க."

நானும் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, யோசித்துச் சொன்னேன். நீலம் வேண்டாம், இவன் கறுத்த மூஞ்சிக்கு எடுப்பாக இருக்காது, மஞ்சள் போடுங்கள் என்றேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே கொட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. மயக்க மருந்தைப் பற்றி ஒரு கேள்வி, குல்லாவைப் பற்றி ஒரு ஆலோசனைக் கூட்டம்.

உள்ளே இருந்து ஓர் ஒல்லி டாக்டர் வந்து குனிந்து துரையின் மூக்கைத் தடவிப் பார்த்தார். எங்களிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். வேறு வழி தெரியாமல் நாங்களும் கை தட்டினோம். துரை பாதி வழியில் நின்று திரும்பி, நாங்கள் கை தட்டுவதைப் பார்த்தான். அப்புறம் உள்ளே போனான்.

மதியம் நான் வேலைக்குப் போய் ஜன்னலில் இருந்தபோது போட்டோ வந்தது. மஞ்சள் குல்லா, பாதி திறந்த கண், ஒரு பக்கமாகத் தொங்கும் நாக்கு. கீழே, 'அம்மா, நான் நலம்! எப்போது வீட்டுக்குப் போகலாம்?' என்று எழுதியிருந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் காட்டினேன். வண்டியைத் தவறவிட்ட ஒருவர்கூட, அழகாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டுத்தான் என்னைத் திட்டினார்.

சாயங்காலம் கூட்டிவரப் போனோம். எங்களை ஒரு தனி அறையில் உட்கார வைத்தார்கள். மெத்தென்று சோபா, மேஜையில் கண் துடைக்கும் காகிதப் பெட்டி. பெட்டியில் ஒரு தாளை ஏற்கெனவே பாதி இழுத்து வைத்திருந்தார்கள். ஓர் அம்மாள் வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்து, தான் ஆறுதல் பிரிவின் அதிகாரி என்று அறிமுகம் செய்துகொண்டார். துரை தன் பயணத்தை நிறைவு செய்துவிட்டார் என்றார்.

என் தொழிலில் பயணம் நிறைவு என்றால் வண்டி பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சரி, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். ஆறுதல் அதிகாரிக்கு அதற்கு மேல் பயிற்சி கொடுத்திருக்கவில்லை போலிருக்கிறது. தாளை முழுதாக இழுத்து என் கையில் கொடுத்தார். என் வீட்டுக்காரர்தான் முதலில் புரிந்துகொண்டார். எப்படிச் செத்தான் என்று கேட்டார். அந்தக் கட்டடத்தில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை என்பது அந்த அம்மாளின் முகத்திலேயே தெரிந்தது.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த ஆபரேஷன் அறைக்குள் என்ன நடந்தது என்று உள்ளே இருந்தவர் யாராவது என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நஷ்டஈடு கேட்கவில்லை, சண்டை போட வரவில்லை. ஒல்லி டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றேன். நிகழ்வுக்குப் பிறகு டாக்டர்கள் குடும்பத்தோடு பேசுவதில்லை, அதற்குத்தான் ஆறுதல் பிரிவு என்றார்கள். ஆறுதல் பிரிவு அறைக்குள் இருந்ததா என்று கேட்டேன். இல்லையாம். இருந்திருந்தால் ஆறுதல் சொல்லும் மனநிலை கெட்டுவிடுமாம்.

நான் நகர மாட்டேன் என்றதும் இயக்குநரிடம் கூட்டிப் போனார்கள். அவர் மேஜைக்குப் பின்னால் சுவர் முழுக்க விருதுகள். அவற்றில் பாதி அவரே தலைவராக இருக்கும் சங்கம் கொடுத்தவை.

"இங்க பாருங்கம்மா, எங்க ஆஸ்பத்திரியில இதுவரைக்கும் ஒரு ஆபரேஷன்கூட தோத்ததில்ல. துரையோட ஆபரேஷனும் சக்சஸ்தான். பல்லு வேரோட, சுத்தமா வந்துருச்சு. காட்டச் சொல்லவா? அதுக்கப்புறம் நடந்தது ஆபரேஷனே கிடையாது. அது தனி விஷயம்" என்றார்.

நான் போனை எடுத்துப் போட்டோவைக் காட்டினேன். நலமாக இருக்கிறான் என்று நீங்கள்தானே எழுதி அனுப்பினீர்கள் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அந்த மனிதர் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாக உண்மையான உணர்ச்சி வந்தது. ரொம்ப நல்லா வந்திருக்கு என்றார்.

துரையைப் பின்கட்டில் புதைத்தோம். மிளகு அந்த மண்ணை விட்டு எழுந்து வர மறுத்தாள். என் வீட்டுக்காரர் பேக்கரிக்குப் போய் அன்றைக்கு உப்புப் போடாமல் மாவு பிசைந்துவிட்டார். நான் அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது. சோறு போட்ட கையை அவன் நக்கிவிட்டுப் போகும் ஈரம் இல்லாமல் எனக்குக் கை காய்ந்து கிடந்தது.

ஆஸ்பத்திரி எங்களை மறக்கவில்லை. துரையின் பாதம் பதித்த களிமண் வில்லை வந்தது. அது துரையின் பாதம் இல்லை, அவன் பின்னங்காலில் ஒரு விரல் கிடையாது. துயரத்தைக் கையாளும் பயிலரங்குக்கு அழைப்பு வந்தது. பிறகு ஒரு பெண் போன் செய்து, உங்கள் இழப்பின்போது எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டாள். என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்ப மூணு போட்டுக்கவா துரை அம்மா என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உச்சம். துரையின் போட்டோவுக்கு அவர்களுடைய சங்கம் வருடத்தின் சிறந்த புன்னகை என்று பரிசு கொடுத்தது. அவனையே விளம்பரத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு காலை நான் ஜன்னலைத் திறந்தால், எதிரே வந்து நிற்கும் பேருந்தின் பக்கவாட்டில், ஆள் உயரத்துக்கு மஞ்சள் குல்லாவும் தொங்கும் நாக்குமாக எங்கள் துரை. 'நான் நலம்! நீங்கள்?' அந்த வழித்தடத்தில் ஓடும் எல்லா வண்டியிலும் ஒட்டியிருந்தார்கள். அந்த வண்டி எப்போது வரும் என்று என்னிடம்தான் வந்து கேட்பார்கள். செத்த பிள்ளையை ஊர் சுற்ற விட்டுவிட்டு, எத்தனை மணிக்கு வருவான் என்று என்னையே சொல்ல வைத்தார்கள்.

அப்படி ஒரு முற்பகலில் வரிசையில் ஓர் ஒல்லியான ஆள் நின்றிருந்தார். முறை வந்ததும் ஜன்னலில் குனிந்தார். எந்த ஊர் என்றேன் நிமிராமல்.

"பஸ் விசாரிக்க வரலம்மா. துரைக்கு ஆபரேஷன் பண்ணினது நான்தான்."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார், குரலை இறக்காமல்.

"மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்காக தொண்டைக்குள்ள ஒரு குழாய் விடுவோம். சப்பை மூக்கு நாய்க்கு, அது நல்லா முழிச்சு தலையத் தூக்கி, குழாய அதுவே கடிச்சுத் துப்பப் பாக்கற வரைக்கும் அத எடுக்கவே கூடாது. எனக்குத் தெரியும். ஆனா 'நான் நலம்' போட்டோவுல குழாய் தெரியக் கூடாதுங்கறது எங்க ரூல். எடுங்க டாக்டர்னாங்க. எடுத்துட்டேன். நர்ஸ் குல்லாவப் பிடிச்சாங்க, நான் தலையப் பிடிச்சேன். எல்லாரும் கேமராவப் பாத்துட்டிருந்தோம். அவன் மூச்ச யாரும் பாக்கல. திரும்பக் குழாய விடறதுக்குள்ள போயிட்டான். மாட்டேன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

பின்னால் இருந்தவர்கள் வண்டி கிளம்பிவிடும், சீக்கிரம் ஆகட்டும் என்று கத்தத் தொடங்கினார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான், கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்ததும் அந்த ஆளின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது. என் கண் முன்னால் நிற்காதீர்கள், போய்விடுங்கள் என்றேன். போய்விட்டார். அடுத்து நின்ற பெரியவருக்கு வண்டி நேரத்தைத் தப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

சில நாளில் இயக்குநரே எங்களை அழைத்துக் காப்பி கொடுத்தார். அந்த டாக்டர் மேல் நடவடிக்கை எடுத்து வேலையை விட்டு நீக்கிவிட்டோம் என்றார். கடைசியில் நியாயம் கிடைத்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் கும்பிடவே போய்விட்டார். நாயைக் கொன்றதற்குத்தானே என்று நான் உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்டேன். இயக்குநர் பதறிப்போனார்.

"சேச்சே, அதுக்கில்ல. மருத்துவத்துல அதெல்லாம் நடக்கும். உங்ககிட்ட வந்து சொன்னார் பாருங்க, அதுக்கு. தேவையில்லாத ஒரு உண்மையச் சொல்லி உங்க நிம்மதியக் கெடுத்திருக்கார். ஒரு டாக்டர் இப்படி உண்மையச் சொல்ல ஆரம்பிச்சா நாளைக்கு மத்தவங்களுக்கும் பழகிரும். அப்புறம் நம்பிக்கைன்னு ஒன்னு எதுக்கு இருக்கு? நீங்க எங்கள நம்பணும்னா, நாங்க உங்ககிட்ட எதையும் சொல்லாம இருந்தாத்தான் முடியும்."

காப்பியில் சர்க்கரை போதுமா என்றும் கேட்டார். போட்டோ எடுக்கும் முறையை மாற்றுவீர்களா என்று கேட்டேன். மாற்றிவிட்டார்களாம். இனிமேல் போட்டோ இல்லை, வீடியோவாம்.

இதற்கு நடுவில் மிளகுக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தாள், வயிறு உப்பியது, படுத்த இடத்தில் நாற்றமடித்தது. தெருமுனை வைத்தியர் அழுத்திப் பார்த்துவிட்டுக் கருப்பையில் சீழ் என்றார். உடனே அறுத்து எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பிழைக்க மாட்டாள். துரை போன பிறகு கத்தி வைக்கும் எவனிடமும் இவளைக் காட்ட மாட்டேன் என்று கருத்தடை ஆபரேஷனை நான்தான் ஒத்திப்போட்டிருந்தேன். அதைச் செய்திருந்தால் இது வந்தே இருக்காது என்றார் அவர். தன்னிடம் ஆபரேஷனுக்கு வசதி கிடையாது, வேறு இடம் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மிளகைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஒவ்வோர் இடமாக ஏறி இறங்கினோம். எல்லோரிடமும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். உங்கள் கையில் ஏதாவது செத்திருக்கிறதா? முதல் டாக்டர், எப்போதும் நல்லதையே நினைக்க வேண்டும் என்று எனக்குப் புத்தி சொன்னார். அடுத்தவர் தன் கை ராசியான கை என்று கையை நீட்டிக் காட்டினார். அதில் மூன்று மோதிரம் இருந்தது. ஓர் அம்மாள் தன் கிளினிக்கில் சாவு விகிதம் சைபர் என்று சுவரிலேயே எழுதி வைத்திருந்தார். எத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறீர்கள் என்றேன். நாளைக்குத்தான் முதல் ஆபரேஷன், நீங்கள்தான் அதிர்ஷ்டசாலி என்றார்.

இன்னொரு இடத்தில் குல்லா என்ன நிறம் வேண்டும் என்று கேட்டார்கள். வழக்கம் பரவிவிட்டது. என் வீட்டுக்காரர் மிளகைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

ஆட்டோவில் ஏறிய பிறகு, அந்த ஒல்லி டாக்டரிடமே போகலாமா என்றார். எனக்கு வந்த கோபத்தில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். மூளை இருக்கிறதா, துரையைக் கொன்றவனிடமா என்று கத்தினேன். அவர் மிளகின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"மத்தவங்க யாருமே தப்புப் பண்ணலங்கறாங்க. அப்ப அவங்க பண்றத அப்படியேதான் பண்ணுவாங்க. இந்த ஆளு ஒருத்தன்தான் எந்த இடத்துல தப்புப் பண்ணினோம்னு தெரிஞ்சு வெச்சிருக்கான்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். நான் தெருமுனை வைத்தியருக்குப் போன் போட்டேன்.

ஒல்லி டாக்டர் ஒரு டயர் கடைக்குப் பின்னால், பழைய வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் இருந்தார். இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறார் என்று தெருமுனை வைத்தியர் போனில் வழி சொன்னார். தானாகத் திறக்கும் கதவு கிடையாது, தள்ளினாலும் திறக்காது, தோளால் இடிக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார், அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். மிளகைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"வேற யார்கிட்டயாவது போங்கம்மா. எனக்கு பயமா இருக்கு."

"வேற எல்லார்கிட்டயும் போயிட்டுத்தான் வர்றேன். ஒருத்தருக்கும் பயமில்ல. அதான் எனக்கு பயமா இருக்கு" என்றேன்.

அவர் மிளகை வாங்கி மேஜையில் கிடத்தினார். பிறகு எதெல்லாம் தப்பாகப் போகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சீழ் ரத்தத்தில் கலந்திருந்தால் மேஜையிலேயே போகலாம் என்றார். பிழைப்பாள் என்று சொல்லவில்லை. மிளகுக்கு மயக்கம் கொடுத்துத் தொண்டைக்குள் குழாயை விட்டார். எங்களை வெளியே போகச் சொல்லவில்லை. மூலையில் ஸ்டூல் போட்டு, இவள் நெஞ்சு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள், நின்றால் கத்துங்கள் என்றார். மணி இல்லை, கை தட்டல் இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் இமைத்தால் நின்றுவிடுமோ என்று கண் எரிய எரிய உட்கார்ந்திருந்தேன்.

தையல் போட்டு முடித்ததும் மிளகைத் தரையில் போர்வை மேல் கிடத்தினார்கள். டாக்டர் அவள் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, தொண்டைக்குள் போன குழாயை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். மிளகின் காது அசைந்தது. எடுத்துவிடலாமா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். கால் இழுத்தாள். இன்னும் இல்லை. கண்ணைத் திறந்து மூடினாள். என் வீட்டுக்காரர் தாங்க மாட்டாமல், முழிச்சிட்டாளே என்றார். இன்னும் இல்லை. பழைய வைத்தியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கால் மரத்துப்போய் நான் சுவரில் சாய்ந்தேன். டாக்டர் அசையவே இல்லை, அவர் கண் அவள் நெஞ்சிலேயே இருந்தது.

மிளகு திடீரென்று தலையைத் தூக்கினாள். குழாயை நறநறவென்று மென்றாள். டாக்டர் மெதுவாக அதை உருவினார். அவள் ஒரு முறை இருமி, மூக்கைச் சுருக்கி, முழு மூச்சு இழுத்தாள். யார் இந்த ஆள் என்பதுபோல அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவர் ஆள்காட்டி விரலை லபக்கென்று கவ்விவிட்டாள்.

நல்ல கடி. ரத்தம் வந்தது. டாக்டர் கையை இழுக்கவில்லை. மிளகின் பல்லுக்குள் விரலை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு கையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். என் வீட்டுக்காரர் பதறிப்போய், விடு மிளகு, விடு என்று குனிந்தார்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் கடிக்கட்டும் என்றேன்.